லிச்சேயோ ஷென்தீஃபிக்கோவில் லத்தீன் கட்டாயமோ?

பலெர்மோ அம்மா:
மகன் இங்க இத்தாலியில மீடியா, அதாவது நடுநிலைப் பள்ளிக்கூடம், கடைசி வருசம். கணக்கில கெட்டிக்காரன், லிச்சேயோ ஷென்தீஃபிக்கோ எண்ட விஞ்ஞான மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லி ரீச்சர் சொல்றா. நான் வீடு துப்பரவாக்கப் போற ஆள், பாடம் சொல்லிக்குடுக்க ஏலாது. விஞ்ஞானப் பள்ளிக்கூடத்தில லத்தீன் எதுக்கு?

மகளைப் படிப்பிச்சவள்:
அக்கா, 1923இல் தொடங்கின வகைப் பள்ளிக்கூடம், லத்தீன் படிப்பிக்கிற பழக்கத்தை இன்னும் விடேல்லை. 5 வருசமும் கிழமைக்கு 3 மணித்தியாலம் லத்தீன். வேண்டாமெண்டால் ‘ஷென்சே அப்ளிகாத்தே’ (பிரயோக விஞ்ஞானம்) பிரிவு இருக்கு: லத்தீனுக்குப் பதிலா கணினி, விஞ்ஞானமும் கூட. மொத்தம் முதல் ரெண்டு வருசம் கிழமைக்கு 27 மணித்தியாலம், பிறகு 30.

உயிரை எடுக்கிறது வாய்மொழிச் சோதனைதான். பேரைக் கூப்பிட்டால் எழும்பிச் சொல்லோணும். என்ர மகள் வீட்டில சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுவாள், எனக்கே பாதி பாடமாகிட்டுது! 10க்கு 6 எடுத்தால் பாஸ். ஒருக்கா கணக்கில 5. ஜூன்ல முடிவை நிறுத்தி வைச்சிட்டினம். அடுத்த வருசம் தொடங்க முன்னம் திரும்பச் சோதனை. அந்தக் கோடை யாழ்ப்பாணம் போகேல்லை.

ஐஞ்சாம் வருச முடிவில வாற கடைசிச் சோதனை மத்தூரித்தா, அதுக்கு 100 புள்ளி. அதில 40 வரைக்கும் கடைசி மூண்டு வருசப் படிப்புக்கு, அதால மூண்டாம் வருசத்திலயே கவனமா இருங்கோ.

கத்தானியா அண்ணன்:
புத்தகம் நாங்கள்தான் வாங்கோணும் தங்கச்சி, பழசாப் பாருங்கோ. ஆசிரியர்மார் இருக்கிற வகுப்புக் குழுவில ரெண்டு பெற்றோர் பிரதிநிதியும் இருப்பினம். இத்தாலியன் சரளமில்லையெண்டு கூட்டத்துக்குப் போகாமல் விடாதேங்கோ.

பலெர்மோ அம்மா:
லத்தீன் இல்லாத பிரிவெண்டதும் மகன் துள்ளுறான். வாய்மொழிக் கதையை இன்னும் சொல்லேல்லை.