ஜிஆர்இ வெர்பல்: சொல் அட்டைகள் முடிந்தன, மதிப்பெண் நகரவில்லை

இரவுப்பறவை: மேல்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கில் பிரச்சினை இல்லை. ஆங்கில மொழித்திறன் பகுதியான வெர்பலில்தான் 150-ஐத் தாண்ட முடியவில்லை. சொல் அட்டைகள் எல்லாம் தலைகீழ் பாடம். ஆனாலும் மூன்று வெற்றிடம் உள்ள கேள்வி வந்தால் திணறிவிடுகிறேன். இன்னும் சொற்கள் படிக்கணுமா?

நிதானி: அட்டைகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வெற்றிடத்தில் என்ன வரணும் என்று முதலில் உங்கள் சொல்லில் சொல்லிப் பாருங்கள். 'ஆனாலும்', 'அதனால்' போன்ற இணைப்புகள்தான் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டிக்கொடுக்கும். முதல் வெற்றிடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று சட்டமா என்ன? எது தெளிவோ அதை முதலில் நிரப்புங்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதி கிடையாது.

கடைசிப்பெஞ்சு: நேரத்தையும் பாருங்கள். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது வெர்பலின் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், அடுத்த பகுதியில் 15 கேள்விக்கு 23 நிமிடம். படித்துப் பதில் சொல்லும் பத்திகளுக்கு நேரம் மிச்சம் பிடிக்கணும்.

இரவுப்பறவை: தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

கடைசிப்பெஞ்சு: விடவே கூடாது, தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. குறியிட்டு வைத்து, அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வாருங்கள்.

நிதானி: பயிற்சிக்கு, தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே தரும் இலவச பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளே போதும். வெளியார் கேள்விகள் பல, சும்மா அகராதிச் சோதனை. தப்பான ஒவ்வொன்றுக்கும், அந்த விடை ஏன் கவர்ந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.