கோயில் வீதியில் சிரித்த கதைகள் தேவை

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் கோயிலும் தேவாரமுமாக வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி அரை மணி நேர நகைச்சுவை நாடகம் எழுதுகிறேன். பக்தியைக் கேலி செய்யும் எண்ணம் துளியும் இல்லை. அந்த வளர்ப்புக்குள் இருந்த சிரிப்பு எனக்கு அவ்வளவு பிரியம்.

கையில் இருப்பது கொஞ்சம்தான். பூசையில் பஞ்சபுராணம் (வரிசையாகப் பாடும் ஐந்து பாடல்கள்) படிக்க விட்ட பொடியன் ஒருவன், தேவாரம் முடிந்த கையோடு திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் நாலையும் விட்டுவிட்டு நேரே வாழ்த்துக்குத் தாவிவிட்டான். கண் முழுக்கக் கடலைச் சட்டியில்! ஐயர் தீபத்தோடு அப்படியே நிற்கிறார். பின்னுக்கு நின்ற ஆச்சி, "திரும்பப் படி மோனே" என்றா. மற்றது, கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போகையில் அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தை மான் பறித்த கதை. (பிரெட்ரிக் கோட்டை மான்களைத் தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள்.)

முக்கியமாகத் தேவைப்படுவது மார்கழித் திருவெம்பாவைக் கதைகள். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் தெருத்தெருவாகப் போனவர்களே, சங்கு யார் கையில் இருந்தது? எந்த ஒழுங்கையில் நாய் துரத்தினது? தேத்தண்ணி எங்கே கிடைத்தது? தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களும் சொல்லுங்கள். கீழே எழுதலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம். யாருடைய பெயரும் நாடகத்தில் வராது.