புதுப்பிப்பு: தம்பியின் விளையாட்டுக் காசு விஷயம்

வொஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் என் தம்பி, தேர்தல் முடிவை ஊகித்து, நிஜக் காசுக்குப் பதிலாக விளையாட்டுக் காசு கட்டும் தளத்தில் சேரலாமா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். நிஜக் காசு இல்லைத்தானே, பிறகென்ன என்று இலங்கையில் உப்புவெளியில் இருந்துகொண்டு நானும் நினைத்தேன். அது பிழை.

2018இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், பிக் ஃபிஷ் கசினோ என்ற இணையச் சூதாட்ட விளையாட்டின் மெய்நிகர் சில்லுகளும் (அதற்குள் மட்டும் செல்லும் விளையாட்டுக் காசு) அந்த மாநிலச் சட்டப்படி 'பெறுமதியுள்ள பொருள்', அதனால் அவற்றைக் கட்டி விளையாடுவதும் சூதாட்டம்தான் என்றது. சில்லு இருந்தால்தான் தொடர்ந்து விளையாடலாம். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். தொடர்ந்து விளையாடும் அந்தச் சலுகையே பெறுமதியாம். வழக்குப் போட்டவர் காசு இழந்த விளையாட்டாளர், வழக்கில் எதிராளி அதை நடத்திய நிறுவனம். அதனால் தம்பி குற்றவாளி ஆகிவிடுவான் என்று நான் பயப்படவில்லை.

தம்பி கேட்ட தளம் மாதிரி, முடிவை ஊகித்துக் காசு கட்டும் ஊகச் சந்தையும் கசினோவும் ஒன்றல்லத்தான். ஆனாலும் நேற்றிரவு அவனிடம், "இலவச நாணயத்தோடு நில்லடா, காசு குடுத்து வாங்காதே" என்றேன். சரி அண்ணா என்றான்.