மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்கு எந்த ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாமல் வேலைகளை ஓட்டும் இயங்குதளம்)?

கேள்வி: கார்டெக்ஸ்-எம்4 சிப், 256 கேபி ராம். மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஒரு பக்கம் ஓட, 1 மில்லிசெகண்ட் கட்டுப்பாட்டு லூப் தவறவே கூடாது. ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் இரண்டில் எதை எடுக்கலாம்? எப்படிச் சோதிப்பது?

பதில் 1: சராசரியை நம்பாதீர்கள், மிக மோசமான தாமதம்தான் முக்கியம். லூப்பின் டாஸ்க் எழுந்ததும் சிப்பின் ஒரு அவுட்புட் பின்னை உயர்த்தி, ஆசிலோஸ்கோப்பை டாஸ்க்கை எழுப்பும் இன்டரப்டில் டிரிகர் செய்து, பெர்சிஸ்டன்ஸ் (பழைய அலைகள் திரையில் அழியாமல் நிற்கும் வசதி) போட்டு, மோட்பஸ் டிராஃபிக்கை முழுசாக ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டு, பின் உயரும் விளிம்பு எவ்வளவு சிதறுகிறது என்று பாருங்கள்.

பதில் 2: டாஸ்க்குகள் பொதுவாகப் பயன்படுத்துவதைக் காக்கும் பூட்டுகளையும் பாருங்கள். 1997-ல் நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதே பிரையாரிட்டி இன்வர்ஷனால்தான் (தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் காத்துக் கிடப்பது). ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கு பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்துவது) உண்டு, பைனரி செமஃபோர் என்ற இன்னொரு வகைக்குக் கிடையாது.

பதில் 3: ஐஇசி 61508 (மின்னணுக் கருவிகளின் செயல்பாட்டுப் பாதுகாப்புத் தரநிலை) சான்று தேவையா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், அது எடுக்கக்கூடிய ஆர்டிஓஎஸ் பட்டியலையே மாற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்: சான்று வேண்டாம். சரி, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் முதலில் அளந்துவிட்டு அப்புறம் செஃபிர் பார்க்கிறேன்.