உண்ணி கடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

உப்புவெளியில் இருந்து:

கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கும் அக்காவுக்குப் போன கோடையில் லைம் நோய் வந்தது, உண்ணி கடித்துத் தொற்றுகிற நோய். முழங்காலுக்குப் பின்னால் சிவப்பு வட்டம் ஒன்று, நாளுக்கு நாள் அகன்றது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. உண்ணியை அவ காணவேயில்லை. குட்டி உண்ணி 2 மில்லிமீட்டர்கூட வராதாம். டொக்டர் வட்டத்தைப் பார்த்ததுமே டொக்ஸிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை எழுதினார். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் குளிசையை நிறுத்த விடவில்லை. தொற்றிய முதல் வாரங்களில் உடம்பில் எதிர்ப்பொருள் போதுமான அளவு ஊறியிராது, அதனால் அந்த ரிப்போர்ட்டை நம்பி இருக்க முடியாதாம்.

மருந்து முடிந்து மாதக்கணக்காகியும் களைப்பும் மூட்டு நோவும் அவவை விடவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் அன்டிபயோட்டிக் தந்தால் என்ன என்று கேட்டால், அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிதாகப் பலன் இல்லை என்கிறார்கள். ஏன் நோகிறது என்பதற்கு டொக்டர்மாரிடமும் தெளிவான பதில் கிடையாது.

மானில் உண்ணி ஒட்டும் என்று கேள்விப்பட்ட அம்மாவின் கவலை வேறு. "கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டைக்குள்ள மானுக்கு வாழைப்பழம் குடுக்கிறனாங்களே, எங்களுக்கும் வருமோ பிள்ளை?"

தம்பலகாமத்தில் இருந்து:

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கோ தங்கச்சி. அங்கே லைம் கிருமியைக் காவுகிற கருங்கால் உண்ணி இங்கே இல்லை. அங்கேயும் உண்ணிக்குக் கிருமி ஏறுவது பெரும்பாலும் எலியிடமிருந்து. மானின் இரத்தத்தில் உண்ணி பெருகும், அவ்வளவுதான்.

நமக்கு இருக்கிறது உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). அறுவடை முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சலும் மண்டையிடியும் வர, எல்லாரும் டெங்கு என்றார்கள். டெங்குச் சோதனையில் இல்லை, ஆனால் பிளேட்லெட் குறைந்துகொண்டே போனது. வார்டுக்கு வந்த வயதான டொக்டர் ஒருவர் சாரத்தைத் தளர்த்தச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்த பொருக்கு. நோகாததால் எனக்கே தெரியாது! உண்ணி இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்த இடமாம். மருந்து அதே டொக்ஸிசைக்கிளின்தான். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. ரிப்போர்ட்டைப் புரட்டினவர்கள் எத்தனையோ பேர், உடம்பைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மூதூரில் இருந்து:

என் மகனுக்கு உண்ணி காதுக்குள்ளேயே ஏறிவிட்டது. மாட்டுப்பட்டிப் பக்கம் விளையாடிவிட்டு வந்து, காது குடையுது என்று ஒரே அழுகை. காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் சின்ன இடுக்கியால் எடுத்தார்கள். வெளியே வந்த பிறகும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தோலில் கடித்திருந்தால் மண்ணெண்ணெயும் நெருப்புக்குச்சியும் வேண்டாம், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெல்ல இழுக்க வேண்டும் என்று அங்கிருந்த நேர்ஸ் மிஸ்ஸி செய்து காட்டினா.