பலபொலியா, பலதந்தைமையா? பாம்பு மரபியலுக்கு ஒரு சொல்

வணக்கம்.

"மல்டிபிள் பெட்டர்னிட்டி"க்கு நம் பாம்பு மரபியல் கலைச்சொல் பட்டியலில் "பல்கணவர் முறை" என்று இருக்கிறது. நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. அது மானுடவியல் சொல், திருமணத்தைப் பற்றியது. தவிர, பொருளும் தப்பு. ஒரு பெண் பாம்பு பல ஆண்களோடு இணைவது ஒன்று, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குப் பல தந்தையர் இருப்பது இன்னொன்று. முதலாவதைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். இரண்டாவது பெரும்பாலும் மரபணுச் சோதனையில்தான் தெரியும்.

கனடாவின் மனிடோபாவில், நார்சிஸ் குழிகளில், வசந்த காலத்தில் ஒரு பெண் கார்ட்டர் பாம்பைப் பல ஆண்கள் பந்தாகச் சுற்றிக்கொள்கின்றன. ஆனால் ஓர் ஆண் இணைந்து முடித்ததும் கூழ் போன்ற அடைப்பு ஒன்றைப் பெண்ணின் கழிவாய்க்குள் விட்டுச் செல்கிறது. அது கரையும் வரை அடுத்தவனுக்கு வழியில்லை. சுற்றிய கூட்டத்தை எண்ணித் தந்தையரைக் கணக்கிட முடியாது.

என் பரிந்துரை: இணைவுக்கு "பல்லாண் இணைவு", குட்டிகளுக்கு "பல்தந்தைமை".

அன்புடன்.

———

> "பல்லாண் இணைவு", குட்டிகளுக்கு "பல்தந்தைமை"

ஐயா, பிரிப்பு சரி, சொற்கள் இடறுகின்றன. "பல்லாண்" என்றதும் வாய் தானாகவே "டு" சேர்த்துக்கொள்கிறது. "பல்தந்தை"யைப் புணர்த்தி எழுதினால் "பஃறந்தை". இலக்கணம் ஒப்பும், மாணவர் ஓடிவிடுவார். புணர்த்தாமல் விட்டாலோ, பாம்புக் கட்டுரையில் "பல்" என்றால் எல்லோரும் நச்சுப்பல்லைத்தான் நினைப்பார்கள். பலகலை, பல்கலை இரண்டும் சரி என்பதுபோல "பல" என்றே வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. பலதந்தைமை.

இணைவுக்கு மாட்டுக்காரர்களிடம் சொல் இருக்கிறது: பொலிகாளை, பொலிகடா (இனப்பெருக்கத்துக்கு விடும் காளை, கடா). அதிலிருந்து "பலபொலி". ஈற்று, தலையீற்று என்பவை ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. எனவே "பலபொலி ஈற்று" என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் போதும் என்று நினைக்கிறேன். இரண்டு சொல் எதற்கு?

———

தம்பி, "பலபொலி" நல்ல சொல். ஆனால் ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க வேண்டாம். பொலிக்கு விட்டது எல்லாம் சினை ஆவதில்லை என்பது மாடு வளர்ப்பவருக்குத் தெரியும். பாம்பில் அந்த இடைவெளி இன்னும் பெரிது.

ஸ்வீடனின் தென்கோடியில் ஸ்மிகெஹுக் என்ற இடத்து ஐரோப்பிய விரியன்களைப் பற்றிய ஆய்வு 1992இல் வெளிவந்தது. அதிக ஆண்களோடு இணைந்த பெண்களுக்கு இறந்து பிறக்கும் குட்டிகள் குறைவு என்பது முடிவு. அங்கே பெண்ணுக்குப் பெண் ஒப்பிட்டது இணைந்த ஆண்களின் எண்ணிக்கையை, அது பலபொலி. அதைப் "பலதந்தைமை" என்று மொழிபெயர்த்தால் ஆய்வின் அளவையே மாற்றிவிடுகிறோம். (தனித்துப்போய், உறவுக்குள்ளேயே இணைந்து நலிந்த கூட்டம் அது. அதே 1992இல் வெளியிலிருந்து 20 ஆண்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் மீண்டது.)

பந்து மலைப்பாம்பு வளர்ப்பில் இது காசு விஷயம். பேஸ்டல், மொஹாவி என்பவை அங்கே நிற வகைகளின் பெயர்கள். பெண் சாதாரண நிறம். அதனிடம் முதலில் சூப்பர் பேஸ்டல் ஆணையும் பிறகு சூப்பர் மொஹாவி ஆணையும் விடுகிறார்கள். இரண்டு ஆண்களிடமும் அந்தந்த மரபணு இரு பிரதியாக இருப்பதால், முதலாவதன் குட்டி எல்லாம் பேஸ்டல், இரண்டாவதன் குட்டி எல்லாம் மொஹாவி. ஓட்டை உடைத்து வரும்போதே தந்தை தெரிந்துவிடும். ஒரு பிரதி மட்டும் உள்ள ஆண்களை விட்டால் அவற்றின் குட்டிகளில் ஏறக்குறைய பாதி சாதாரண நிறத்தில் வரும். அவை யாருடையவை என்று சொல்ல வழியில்லை. அப்போது பெண்ணிடமும் பேஸ்டல் இருந்தால், பேஸ்டல் குட்டிகளின் தந்தையும் தெரியாது.

அல்பினோ போன்ற ஒடுங்கு பண்பில் (இரு பிரதி இருந்தால்தான் வெளியே தெரியும்) தவறு இன்னும் எளிது. அல்பினோ ஆண் ஒன்று, சாதாரண ஆண் ஒன்று. குட்டிகள் எல்லாம் சாதாரணமாகவே தெரியும். "100% ஹெட்" (மறைந்த ஒரு பிரதி உறுதியாக உண்டு) என்று விற்க முடியாது. "50% ஹெட்" என்றும் எழுத முடியாது, ஏனென்றால் இரண்டு ஆண்களின் பங்கு சமம் என்று யாரும் உறுதி தரவில்லை.

நிறத்தால் தீராதபோது மைக்ரோசாட்டிலைட், அதாவது விலங்குக்கு விலங்கு நீளம் மாறும் டிஎன்ஏ இடங்களைப் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு குட்டியும் உரிக்கும் முதல் சட்டையில் ஒரு துண்டு போதும். ஆனால் குட்டிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். சட்டை கலந்தால் சோதனையே வீண். பொரிக்காத முட்டையில் இருக்கும் கருவையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைத்தவற்றின் பங்கு மட்டும்தான் தெரியும். ஓரிடத்தில் குட்டிக்கு இருக்கும் இரண்டு அல்லீல்களில் (அந்த இடத்தின் வடிவங்களில்) தாயுடையதைக் கழித்தால் மிச்சம் தந்தையுடையது. ஓர் ஆணால் ஓரிடத்தில் அதிகபட்சம் இரண்டு அல்லீல்களையே தர முடியும். எனவே ஒரே ஈற்றில் மூன்று தந்தைவழி அல்லீல்கள் வந்தால் குறைந்தது இரண்டு தந்தையர். ஓரிடத்தை மட்டும் நம்பக்கூடாது, அது திடீர்மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும்.

இரண்டாம் ஆண் தெரியவில்லை என்பதால் அவன் இல்லை என்றும் ஆகாது. அவன் பங்கு 20%, முட்டை 6 என்றால், ஒரு முட்டைகூட அவனுடையதாக இல்லாமல் போகும் வாய்ப்பு 0.8இன் ஆறாம் அடுக்கு, அதாவது சுமார் 26%.

இவ்விரண்டு ஆண்களுக்கும் பொருந்தாத குட்டி வந்தால்? சேமித்த விந்தைப் பாருங்கள். கிழக்கு டைமண்ட்பேக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று, பிடிபட்டு ஐந்து ஆண்டு தனியே இருந்த பிறகும் அப்படி ஈன்றிருக்கிறது. தாயின் அல்லீல்கள் மட்டுமே, பெரும்பாலும் இரட்டையாக இருந்தால் அது கன்னிப்பிறப்பு (ஆண் இல்லாமலே பிறப்பது). விந்துச் சேமிப்பும் கன்னிப்பிறப்பும் பலதந்தைமைப் பதிவில் "காண்க" என்று வரட்டும்.

———

ஏற்கிறேன். பதிவு இப்படி:

பலபொலி: ஒரு பெண், ஒரு இனப்பெருக்கப் பருவத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணைதல்.
பலதந்தைமை: ஒரே ஈற்றின் குட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களால் உண்டாதல். பலபொலி இருந்தும் இது இல்லாதிருக்கலாம். அந்தப் பருவத்தில் பலபொலி காணப்படாமலே, முன்பு சேமித்த விந்தாலும் வரலாம்.

ஒரு திருத்தம். ஈற்று என்பது விரியனுக்கும் கார்ட்டர் பாம்புக்கும் சரி, அவை குட்டி ஈனும். மலைப்பாம்பு முட்டையிடும். கோழிக்குச் சொல்வதுபோல "ஓர் அடை முட்டை" எனலாம். பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கவும் செய்கிறது. ஆனால் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் பாம்புகளுக்கு அது பொருந்தாது. அங்கே "ஓரிடு முட்டை" எப்படி?