கார்ன் பாம்புக்கு மரக்கூண்டு: ஆலோசனை வேண்டும்

வணக்கம். எங்களிடம் வளரும் கார்ன் பாம்பு (நஞ்சற்ற வட அமெரிக்கப் பாம்பு இனம்) இப்போது குட்டிதான் என்றாலும், வளர்ந்தபின் 120 முதல் 150 செ.மீ. வரை நீளும் என்பதால், அது தாராளமாக ஊர்ந்து திரியும்படி 120 செ.மீ. நீளத்தில் மரக்கூண்டு ஒன்றை இப்போதே செய்ய விரும்புகிறேன். பாம்பு இடம் மாறித்தான் தன் உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு முனையில் சுமார் 30 டிகிரி செல்சியசும் மறுமுனையில் 22 டிகிரியும் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் மறைவிடம் அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், மேலிருந்து சூடாக்கும் விளக்கின் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) சென்சாரை எந்த உயரத்தில் பொருத்துவது? தோலுரிக்கும் முன் பாம்பின் கண்கள் நீலம் பாரித்து மங்கும் நாட்களில், தோல் எளிதாக உரிய ஈரமான பாசி நிரப்பிய பெட்டி ஒன்றைக் கூண்டுக்குள் வைக்கிறேன். அந்த ஈரத்தால் பலகை உப்பிவிடுமா? சிறு இடுக்கிலும் நழுவிவிடும் இந்த இனத்துக்கு, நகரும் கண்ணாடிக் கதவுகளின் இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது? அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து விளக்குங்கள்.